நின்றுபோன கார்... நிற்காத திருவிழா! - பிரான்ஸைச் சிரிக்கவைக்கும் ‘வாத்து’ கார்கள்

மே மாதத்து வியாழக்கிழமை காலை. பிரான்ஸில் ஏதோ ஒரு சின்ன ஊர். கடைகள் மூடியிருக்கின்றன. சர்ச் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், தூரத்திலிருந்து ‘டப டப டப’ என்று ஒரு சத்தம். தையல் மெஷினும் பழைய மொபெட்டும் சேர்ந்து பாடினால் எப்படியிருக்கும், அப்படி ஒரு சத்தம்.

ஜன்னல்கள் திறக்கின்றன. பாட்டிகள் எட்டிப் பார்க்கிறார்கள். வளைவில் முதல் கார் தெரிகிறது. குடைபோல வளைந்த கூரை, தவளைக் கண் மாதிரி வெளியே துருத்திய இரண்டு ஹெட்லைட்டுகள், தகரப்பெட்டி போன்ற உடம்பு. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் பத்து, ஐம்பது என்று வந்துகொண்டே இருக்கின்றன. திருப்பத்தில் ஒவ்வொரு காரும் இப்போது கவிழ்ந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குச் சாய்கிறது. ஆனால், கவிழவில்லை. உள்ளே இருப்பவர்கள் கையசைத்துக்கொண்டே போகிறார்கள்.

இவை சிட்ரோயன் 2சிவி கார்கள். கடைசிக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 1990-ல். அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் செய்யப்படவில்லை. ஆனால், அதைக் கொண்டாடும் கூட்டம் மட்டும் கலையவே இல்லை.

நான்கு நாள் ‘பாலம்’

ஈஸ்டருக்குப் பிறகு வரும் இயேசு விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமைதான். பிரான்ஸில் அன்று அரசு விடுமுறை. நடுவில் இருக்கும் வெள்ளிக்கிழமைக்கும் ஒரு லீவு போட்டுவிட்டால், ஞாயிறு வரை நான்கு நாள் கிடைக்கும். இதை அங்கே ‘பாலம்’ என்பார்கள். வியாழனையும் சனியையும் இணைக்கும் பாலம்!

இந்தப் பாலத்தில்தான் பிரான்ஸின் 2சிவி கிளப்புகள் தேசியச் சந்திப்பை நடத்துகின்றன. ஒவ்வொரு வருடமும் வேறு வேறு ஊர். ஊருக்கு வெளியே பெரிய புல்வெளி, அதில் கூடாரங்கள், நடுவே சாப்பாட்டுப் பந்தல். கார்கள் பிரான்ஸிலிருந்து மட்டும் வருவதில்லை. பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி என்று பக்கத்து நாடுகளிலிருந்தும் வரும்.

உலக அளவிலும் ஒரு சந்திப்பு உண்டு. 1975-ல் பின்லாந்தில் தொடங்கியது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வெவ்வேறு நாட்டில் நடக்கும். 2025-ல் ஸ்லோவேனியா. பல நூறு கிலோமீட்டர் தாண்டி, அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு வருவதுதான் பெருமை. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தால் கொஞ்சம் கிண்டல் இருக்கும்.

பெயரிலேயே இரண்டு குதிரை

‘டெ ஷவோ’ என்றால் பிரெஞ்சு மொழியில் ‘இரண்டு குதிரைகள்’. இன்ஜினின் சக்தி இரண்டு குதிரை என்று அர்த்தமில்லை. பிரான்ஸில் காருக்கு வரி போட அரசாங்கம் வைத்திருந்த கணக்கில் இது இரண்டு குதிரை ரகம். குறைந்த வரி, குறைந்த செலவு. ஏழைக்கேற்ற கார் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

செல்லப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது ‘டெடஷ்’. ஜெர்மானியர்களுக்கு ‘வாத்து’. நெதர்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ‘அசிங்கமான வாத்து’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். திட்டுவதற்காக வைத்த பெயர், காலப்போக்கில் கொஞ்சும் பெயராகிவிட்டது. சந்திப்புகளில் பானெட்டில் பொம்மை வாத்து ஒட்டிய கார்களைப் பார்க்கலாம்.

முட்டைக்கூடை வைத்த பரீட்சை

இந்தக் காரின் கதை 1930-களில் தொடங்குகிறது. கடனில் மூழ்கிய சிட்ரோயன் கம்பெனியை டயர் கம்பெனியான மிஷலின் எடுத்துக்கொண்டிருந்த நேரம். நிர்வாகத்துக்கு வந்தவர் பியேர் பூலான்ஜே. அன்றைக்கு பிரெஞ்சுக் கிராமங்களில் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். கார் என்பது பட்டணத்துப் பணக்காரர்கள் சமாசாரம்.

பூலான்ஜே தன் இன்ஜினீயர்களிடம் கேட்டது இதுதான்: மரக்கட்டைச் செருப்பு போட்ட இரண்டு விவசாயிகள் உட்கார வேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டிப் போனால், ஒரு முட்டைகூட உடையக் கூடாது!

மற்றதெல்லாம் சரி, அந்த முட்டை நிபந்தனைதான் இன்ஜினீயர்களைப் படுத்தி எடுத்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும், காருக்கு அடியில் படுக்கைவாக்கில் வைத்த ஸ்பிரிங் குழாய் வழியாக இணைத்துவிட்டார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறினால், அந்தத் தகவல் பின்சக்கரத்துக்கும் போய்விடும். அதனால் காரின் உடம்பு முன்னும் பின்னும் தூக்கிப் போடாமல், படகுபோல மிதந்து போகும். திருப்பத்தில் அவ்வளவு சாய்வதற்கும் இந்த மெத்தென்ற அமைப்புதான் காரணம்.

சந்திப்புக்கு வரும் குழந்தைகளுக்கு இன்றும் இதை விளக்கத் தாத்தாக்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காரின் ஒரு மூலையைப் பிடித்து அமுக்கச் சொல்வார்கள். கட்டில் மெத்தைபோல அமுங்கி எழும். குழந்தைகள் விடமாட்டார்கள். திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

பரண் மேல் ஒளிந்திருந்த கார்கள்

1939 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் அறிமுகம் செய்யத் திட்டம். சுமார் 250 மாதிரிக் கார்கள் தயாராகிவந்தன. செப்டம்பர் 3-ம் தேதி பிரான்ஸ் போரில் இறங்கியது. கண்காட்சி ரத்து.

அடுத்த வருடம் ஜெர்மன் ராணுவம் பிரான்ஸுக்குள் வந்தது. இந்தக் கார் எதிரி கையில் சிக்கக் கூடாது என்பதில் பூலான்ஜே உறுதியாக இருந்தார். பெரும்பாலான மாதிரிக் கார்கள் அழிக்கப்பட்டன. சில மட்டும் ஒளித்துவைக்கப்பட்டன. ஒளித்தவர்கள் ரகசியத்தை அவ்வளவு நன்றாகக் காப்பாற்றினார்கள்! பாரிஸுக்கு மேற்கே லா ஃபெர்தே விடாம் என்ற இடத்தில் கம்பெனியின் சோதனைக் களம் இருக்கிறது. அங்கே ஒரு தானியக் களஞ்சியத்தின் பரணில் மூன்று மாதிரிக் கார்கள் கண்டெடுக்கப்பட்டது 1990-களின் நடுவில்தான். அரை நூற்றாண்டுத் தூசியோடு இருந்தன. இருப்பதோ ஒரே ஒரு ஹெட்லைட். அன்றைய சட்டத்துக்கு ஒன்று போதும் என்பதால், இரண்டாவதற்குச் செலவு செய்யவில்லை!

சிரித்தவர்களும் வரிசையில் நின்றவர்களும்

போர் முடிந்து, 1948 அக்டோபர் 7-ம் தேதி பாரிஸ் கண்காட்சியில் திரை விலகியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ‘இதோடு டின் திறக்கும் கத்தியும் தருவீர்களா?’ என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டதாக ஒரு கதை இன்றும் சுற்றுகிறது.

சிரித்தவர்கள் சிரிக்க, கிராமத்துக்காரர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். 375 சிசி இன்ஜின், 9 குதிரைத்திறன். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றே குளிர்விக்கும். எடை சுமார் 500 கிலோ. ஆரம்பக் கார்களில் நிறம் சாம்பல் மட்டும்தான். மழைத் துடைப்பானுக்குத் தனி மோட்டார் கிடையாது. வேகமானியின் கேபிளே அதையும் ஓட்டும். வண்டி நின்றால் துடைப்பானும் நின்றுவிடும். அப்புறம் கையால் திருகிக்கொள்ள வேண்டியதுதான்!

காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீண்டது. கம்பெனி யாருக்கு முன்னுரிமை கொடுத்தது தெரியுமா? கிராமத்து டாக்டர்கள், மருத்துவச்சிகள், பாதிரியார்கள், சிறு விவசாயிகள். காத்திருக்க முடியாதவர்கள் செகண்ட் ஹேண்ட் காரைப் புதிய காரைவிட அதிக விலை கொடுத்து வாங்கிய காலமும் உண்டு.

1950-ல் ஒரு கார் விபத்தில் பூலான்ஜே இறந்துபோனார். தான் பெற்ற பிள்ளை ஊரெல்லாம் ஓடுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பின்னால் சாமான் பெட்டி வைத்த வேன்களையும் சேர்த்தால், மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் ஓடின.

சீட்டைக் கழற்று, சாப்பாட்டைப் பிரி!

இப்போது மீண்டும் அந்தப் புல்வெளிக்கு வருவோம். மதிய நேரம். கார்களின் துணிக் கூரை பாய்போலச் சுருட்டப்பட்டிருக்கிறது. பின் சீட்டுகள் வெளியே வந்துவிட்டன. சீட்டை எளிதாகக் கழற்றிப் புல்லில் போட்டு உட்காரலாம், சோபா தயார். பக்கத்தில் நீள ரொட்டி, சீஸ், வீட்டில் செய்த பழ ஜாம். யார் எந்தக் குடும்பம் என்று பார்ப்பதில்லை. தட்டு கைமாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பக்கம் பழைய சாமான் சந்தை. தரையில் விரித்த துணிமேல் கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, துருப்பிடித்த பம்பர், பத்து விதமான பல்புகள். 1950-களின் காருக்கு ஒரு ஹெட்லைட் வளையம் தேடி மூன்று வருடம் அலைந்தவர், அதைக் கண்டதும் பேரம் பேசக்கூட மறந்துவிடுவார். நம்மூர் பழைய இரும்புக் கடையில் புதையல் தேடுபவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

கூட்டம் அதிகமாகச் சேர்வது கழற்றி மாட்டும் போட்டிக்குத்தான். ஒரு குழு ஓடிவந்து காரைச் சூழ்ந்துகொள்ளும். பானெட், மட்கார்டு, கதவு எல்லாம் கண்முன்னே ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பிறகு அதே வேகத்தில் மறுபடி மாட்டி, ஸ்டார்ட் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். இந்தக் காரைப் படைத்தவர்கள் கிராமத்துக் கொல்லனே பழுது பார்க்கும்படி செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சில ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்

சந்திப்புக்கு 2சிவி மட்டும் வருவதில்லை. அதன் சொந்தக்காரர்களும் வருவார்கள். பின்கண்ணாடி உள்நோக்கிச் சாய்ந்த, 1961-ல் வந்த ஆமி 6. 1967-ல் வந்த டியான். பிளாஸ்டிக் உடம்போடு 1968-ல் கடற்கரைக்கென்றே பிறந்ததுபோல் வந்த மெஹாரி. பொம்மைக் கார்போல இருக்கும் மெஹாரியைத் தண்ணீர் பீய்ச்சி உள்ளேயும் வெளியேயும் கழுவிவிடலாம்.

பரம்பரைப் போட்டியாளரும் உண்டு. அவர்தான் ரெனோ 4. பிரெஞ்சுக்காரர்கள் செல்லமாக ‘4எல்’ என்பார்கள். 2சிவிக்குப் பதிலடியாக 1961-ல் வந்து, 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. தபால்காரர், போலீஸ், எலெக்ட்ரீஷியன், கல்லூரி மாணவி என்று எல்லோர் கையிலும் இருந்த கார். இதில் ஒரு வேடிக்கை. இடப்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தூரமும், வலப்பக்கத் தூரமும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் வித்தியாசம்! பின்பக்கத்துக் கம்பி ஸ்பிரிங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கவைத்ததால் வந்த வினை. ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

2013-ல் இத்தாலியப் பாதிரியார் ஒருவர், 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய தன் ரெனோ 4 காரை போப் பிரான்சிஸுக்குப் பரிசாகக் கொடுத்தார். எளிமையை விரும்பிய போப்புக்கு எளிமையான கார்!

காபூல் வரை போன தகரப்பெட்டி

மெதுவான கார்தானே என்று நினைத்தால் தவறு. 1970-ல் சுமார் 500 கார்களில் இளைஞர்கள் பாரிஸிலிருந்து ஆப்கானிஸ்தானின் காபூலுக்குப் போய்த் திரும்பினார்கள். மொத்தம் 16,500 கிலோமீட்டர். மறு வருடம் ஈரானின் பெர்சிபோலிஸ். 1973-ல் ஆப்பிரிக்கப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தார்கள். வழியில் கெட்டுப்போனால் சரிசெய்ய மெக்கானிக் வரமாட்டார். ஓட்டுபவரே மெக்கானிக்.

சினிமாவையும் விடவில்லை. 1981-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில், பளபளக்கும் ஸ்போர்ட்ஸ் கார் வெடித்துப்போக, பாண்ட் தப்பிப்பது மஞ்சள் நிற 2சிவியில்தான். சந்திப்புகளில் மஞ்சள் கார் ஒன்று வந்தால், குண்டு துளைத்த ஓட்டைபோல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சிறுவர்கள் ஓடுவார்கள்.

சாயங்காலப் பேச்சில் வரும் கவலை

ராத்திரி பாட்டும் ஆட்டமும் முடிந்த பிறகு, கூடாரங்களுக்கு வெளியே பேச்சு வேறு பக்கம் திரும்பும். இந்தக் கார்களை இனி யார் ஓட்டப்போகிறார்கள்?

முதல் எதிரி துரு. காருக்கு அடியில் இருக்கும் சேஸிஸ் பெட்டிபோல மூடியது. உள்ளே தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமலே அரித்துவிடும். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து, உள்ளே ஓட்டையாக இருக்கும் காரை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. நல்லவேளையாக, துத்தநாகப் பூச்சு கொடுத்த புது சேஸிஸ்கள் இன்று கிடைக்கின்றன. ஒரு காரைப் புதுப்பிக்கத் தேவையான உதிரி பாகங்களில் பெரும்பாலானவற்றைப் புதிதாகச் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் பிரான்ஸிலும் பக்கத்து நாடுகளிலும் இருக்கின்றன.

இரண்டாவது, விலை. ஒரு காலத்தில் மாணவர்கள் பாக்கெட் மணியைச் சேர்த்து வாங்கிய கார் இது. இன்று நல்ல நிலையில் இருக்கும் 2சிவிக்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். ஏழைக்காகச் செய்த கார், ஏழை வாங்க முடியாத காராகிவிட்டது. கிளப்புகளில் இருக்கும் பெரியவர்களை உறுத்தும் விஷயம் இது. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டவா முட்டைக்கூடையோடு சோதித்தார்கள்?

மூன்றாவது, ஊருக்குள் நுழையும் விதிகள். காற்று மாசைக் குறைக்க, பாரிஸ் போன்ற பெரிய நகரங்கள் பழைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. 30 வயது தாண்டிய கார்களை ‘சேகரிப்பு வாகனம்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள பிரான்ஸில் வழி உண்டு. அப்படிப் பதிந்த கார்களுக்கு பாரிஸ் விலக்கு தந்தது. தகுதிச் சோதனையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆனால், காகிதத்தில் ‘பழம்பொருள்’ என்று பதிந்துவிட்டால், தினமும் ரொட்டி வாங்கப் போகும் கார் என்ற உறவு போய்விடுமே என்று வருந்துபவர்களும் இருக்கிறார்கள்.

நான்காவதாக ஒரு விவாதம், குடும்பத்துக்குள்ளேயே நடப்பது. பழைய காரின் இன்ஜினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் பொருத்த 2020-லிருந்து பிரான்ஸ் சட்டம் அனுமதிக்கிறது. ‘புகை இல்லை, காரும் பிழைத்துக்கொள்ளும்’ என்கிறது இளைய தலைமுறை. ‘அந்த டப டப சத்தம் இல்லாவிட்டால் அது டெடஷே இல்லை’ என்கிறார்கள் மூத்தவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பாதுகாப்பு விஷயத்தில் இது இன்றைய காருக்கு ஈடாகாது. ஏர்பேக் இல்லை, தகடும் மெல்லியது. அதனால் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, கிராமத்துச் சாலைகளில் மெதுவாகப் போவதுதான் இவர்கள் வழக்கம். ‘சீக்கிரம் போகணும்னா ரயிலில் போ’ என்பதுதான் இவர்களின் கட்சி.

நம்பிக்கை தரும் இளசுகள்

கவலைப்படுபவர்களுக்கு ஆறுதலான சேதியும் உண்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து பிரெஞ்சு மாணவர்கள் பழைய ரெனோ 4 கார்களைத் தேடிப்பிடித்து, பழுதுபார்த்து, மொராக்கோ பாலைவனம் வரை ஓட்டிப் போகிறார்கள். ‘4எல் டிராபி’ என்று பெயர். யார் முதலில் வருவது என்பது இதில் பெரிதில்லை. பாதையைச் சரியாகக் கண்டுபிடித்துப் போக வேண்டும். கூடவே அங்குள்ள குழந்தைகளுக்கு நோட்டு, பேனா, பைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தங்களைவிட வயதில் மூத்த காரின் கார்புரேட்டரைக் கழற்றக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், பிறகு அந்தக் காரை எளிதில் விற்க மனசு வராமல் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரெஞ்சுக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல. இன்றைய சிட்ரோயன் கார்கள் திருவள்ளூரில் தயாராகின்றன. ரெனோ கார்கள் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில். நம் அம்பாஸடர் இருக்கிறதே, அந்தப் பெயரையே 80 கோடி ரூபாய் கொடுத்து 2017-ல் வாங்கியது, அப்போது சிட்ரோயனைக் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக் குழுமம்தான்.

ஞாயிறு மதியம்

நான்காம் நாள் மதியம் கூடாரங்கள் மடிக்கப்படுகின்றன. சீட்டுகள் மறுபடி காருக்குள் போகின்றன. மிதிபட்ட புல்லில் ஆங்காங்கே எண்ணெய்ச் சொட்டு. ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று கன்னத்தோடு கன்னம் வைத்து விடைபெறுகிறார்கள்.

ஏதாவது ஒரு கார் கட்டாயம் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி இறங்கியிருக்கும். யாரும் பதறுவதில்லை. பழைய லாரிக்குச் சுற்றுவதுபோல, முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒரு சுற்று, இரண்டு சுற்று. சுற்றுவது தாத்தாவாக இருக்கலாம், இந்த வருடம்தான் கற்றுக்கொண்ட பேத்தியாகவும் இருக்கலாம். சுற்றி நிற்பவர்கள் யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது சுற்றில் ‘டப டப டப.’ எல்லோரும் கை தட்டுவார்கள். கதவு மெல்லிய தகரச் சத்தத்தோடு மூடும். காரும் தலையை ஆட்டிக்கொண்டே சாலையில் ஏறி, எதிரே வரும் இன்னொரு வாத்துக்குக் கையசைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் வீட்டைப் பார்த்துப் போகும்.